சட்டமறுப்பும் பொதுமக்கள் இசைவும்: பிரித்தானியக் காலநிலைப் போராட்டங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

2018ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 17ஆம் நாள், சனிக்கிழமை, ஐரோப்பாவின் இரு நாடுகளில் வீதிகள் மறிக்கப்பட்டன. இலண்டன் மாநகரில் தேம்ஸ் நதியின் குறுக்கேயுள்ள ஐந்து பாலங்களில் மக்கள் அமர்ந்து போக்குவரத்தைத் தடுத்தனர். புவி வெப்பமடைவதைத் தடுக்க அரசாங்கம் உரிய நடவடிக்கை எடுக்கவில்லை என்பது அவர்களது முறைப்பாடாகும். அதே நாளில் பிரான்சு நாடெங்கும் ஏறத்தாழ 280,000 பேர் மஞ்சள் மேலங்கி அணிந்து சந்திகளையும் நெடுஞ்சாலைகளையும் மறித்தனர். காபன் வரியை உள்ளடக்கிய எரிபொருள் வரியை அரசாங்கம் உயர்த்த முற்பட்டமையே அவர்களது சினத்துக்குக் காரணமாயிற்று. ஒரு சாரார் எரிபொருட் பாவனையைக் கட்டுப்படுத்துமாறு கோரினர். மறுசாரார் அதனைக் கட்டுப்படுத்தும் வரியை நீக்குமாறு கோரினர். நோக்கத்தால் இவ்விரு கூட்டத்தினரும் எதிரெதிர்த் திசையினர். கையாண்ட முறையோ ஒன்றே: தமக்கு நேரடியாகத் தீங்கிழைக்காத மக்களின் அன்றாட வாழ்க்கைக்கு இடையூறு விளைவித்து, அதன்மூலம் ஆட்சியாளரின் கவனத்தை ஈர்ப்பது.

இந்த முறை தகுமா என்பது பற்றிப் பிரித்தானியாவில் 2018ஆம் ஆண்டு தொடக்கம் நடைபெற்ற விவாதம் அண்மைக்கால அரசியல் வரலாற்றில் குறிப்பிடத்தக்கதொன்றாகும். பாராளுமன்றம், நீதிமன்றம், பத்திரிகை, பல்கலைக்கழகம், புகையிரத மேடை ஆகிய எல்லா இடங்களிலும் அது நிகழ்ந்தது. அவ்விவாதத்தில் மூன்று வினாக்கள் பிரித்தறியப்படாமற் கலந்து கிடந்தன. இடையூறு விளைவிக்கும் போராட்டம் பயன் தருமா என்பது முதலாவது. மக்களாட்சி நிலவும் நாடொன்றில் அத்தகைய போராட்டத்துக்கு நியாயம் உண்டா என்பது இரண்டாவது. அத்தகைய போராட்டத்தை அரசு எவ்வளவு கடுமையாகத் தண்டிக்கலாம் என்பது மூன்றாவது. ஒரு வினாவுக்குரிய விடையை மற்றொன்றுக்குரிய விடையாகக் கொண்டமையே விவாதம் பெரிதும் குழம்பியதற்குக் காரணம் எனலாம்.

இவ்வகை விவாதம் பிரித்தானியருக்குப் புதியதன்று. 1903இல் மன்செஸ்ரர் நகரில் எமலின் பாங்கேர்ஸ்ற் அம்மையார் தாபித்த பெண்கள் சமூக அரசியல் ஒன்றியம், பெண்களுக்கு வாக்குரிமை கோரிச் சட்டத்தை மீறும் முறைகளைக் கையாண்டது. கூட்டங்களைக் குழப்புவதில் தொடங்கிய அம்முறைகள், 1912ஆம் ஆண்டளவில் கடைவீதிகளின் கண்ணாடிச் சாளரங்களை உடைக்கும் நிலையையும், பின்னர் ஆளில்லாக் கட்டடங்களுக்குத் தீவைக்கும் நிலையையும் எய்தின. 1914 மார்ச் 10ஆம் நாள் மேரி றிச்சாட்சன் என்பவர் இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தினுள் புகுந்து, ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கஸ் தீட்டிய வீனஸ் ஓவியத்தை வெட்டுக்கத்தியாற் கிழித்தார். கலைப்பொருளைச் சேதப்படுத்தியமைக்கு அக்காலச் சட்டம் அனுமதித்த அதியுயர் தண்டனை ஆறு மாதச் சிறை. அதுவே அவருக்கு விதிக்கப்பட்டது.

வாக்குரிமை இயக்கத்தினுள்ளேயே இம்முறைகளுக்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. சட்டத்துக்கு அமைவாக மட்டுமே இயங்கிய பெரிய சங்கமொன்றுக்குத் தலைமை தாங்கியவர் மிலிசென்ற் போசெற் அம்மையார். சிறை சென்று மீண்ட தீவிரவாதப் பெண்களை வரவேற்று 1906இல் சவோய் விடுதியில் விருந்தளித்தவரும் அவரே. வன்செயல் பெருகியபோது அதனைக் கண்டித்தவரும் அவரே. இவ்விரு செயல்களுக்கிடையே முரண்பாடு இல்லை. தன்னை வருத்திக்கொள்ளும் போராட்டத்தை அவர் மதித்தார். பிறர் உடைமையை அழிக்கும் போராட்டத்தை ஏற்க மறுத்தார். அக்காலத்தில் தென்னாபிரிக்க இந்தியரின் தூதுவராக இலண்டன் சென்ற காந்தியடிகளிடமும் இதனையொத்த மாற்றத்தைக் காணலாம். 1906இல் அப்பெண்களின் துணிவைத் தமது பத்திரிகையிற் பாராட்டியெழுதிய அவர், 1909இல் மீண்டும் இலண்டன் சென்றபோது அவர்கள் வன்முறையில் இறங்கியமையைக் குறை கூறினார்.

1918இல் முப்பது வயதுக்கு மேற்பட்ட, குறித்த சொத்துத் தகைமையுடைய பெண்களுக்கும், 1928இல் ஆண்களுக்குச் சமமாக எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை கிட்டியது. இதற்குத் தீவிரவாதம் உதவியதா, தடையாக இருந்ததா என்பதில் வரலாற்றாசிரியர் இன்றும் உடன்படவில்லை. அமைதிவழிச் சங்கங்கள் வாதத்தில் ஏற்கெனவே பெரிதும் வென்றிருந்தன என்பது மாட்டின் பியூ போன்றோரின் கருத்து. பாங்கேர்ஸ்ற் அம்மையாரின் தலைமையே அவ்வினாவைத் தள்ளிப்போட முடியாததாக்கியது என்பது யூன் பேர்விஸ் போன்றோரின் வாதம். ஒரு நூற்றாண்டுக் காலம் ஆவணங்களை ஆராய்ந்தும் முடிவுகாண முடியாத இவ்வினாவை, காலநிலைப் போராட்டங்கள் பற்றிப் பேசிய அரசியல்வாதிகளும் பத்திரிகையாளரும் ஓரிரு வாரங்களில் முடித்துவிட முயன்றனர் என்பது கவனிக்கத்தக்கது.

எக்ஸ்ரிங்ஷன் றிபெலியன் என்னும் இயக்கம் 2018 ஒக்டோபர் 31ஆம் நாள் பாராளுமன்றச் சதுக்கத்தில் தனது கிளர்ச்சிப் பிரகடனத்தை வெளியிட்டது. 'உயிரின அழிவுக்கெதிரான கிளர்ச்சி' என அதன் பெயருக்குப் பொருள் கொள்ளலாம். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே, காலநிலை மாற்றத்துக்கான அரசுகளிடைக் குழு 1.5 பாகை வெப்ப உயர்வு பற்றிய விசேட அறிக்கையை வெளியிட்டிருந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் சுவீடனில் கிறேற்றா துன்பேர்க் என்னும் மாணவி தனது பாடசாலைப் பகிஷ்கரிப்பைத் தொடங்கியிருந்தார். உண்மையை மக்களுக்கு உரைத்தல், 2025ஆம் ஆண்டளவில் நிகரக் காபன் வெளியேற்றத்தைப் பூச்சியமாக்குதல், குடிமக்கள் பேரவையொன்றை அமைத்து அதன் முடிவுப்படி ஒழுகுதல் என்பன இயக்கத்தின் மூன்று கோரிக்கைகள்.

இயக்கத்தினர் தமது முறைக்கு ஆய்வுலகின் ஆதரவையும் தேடினர். எறிக்கா செனொவெத், மரியா ஸ்ரெபன் ஆகியோர் 2011இல் வெளியிட்ட நூலொன்று, இருபதாம் நூற்றாண்டில் நிகழ்ந்த கிளர்ச்சிகளுள் வன்முறை சாராதவையே பெரிதும் வெற்றி பெற்றன எனக் காட்டியது. மக்கட்டொகையில் 3.5 வீதத்தினர் பங்குபற்றிய இயக்கங்கள் தோற்பது அரிது என்னும் செனொவெத்தின் கூற்று இயக்கத்தினரிடையே பெரிதும் பரவிற்று. ஆயின் அவ்வாய்வு பெரும்பாலும் கொடுங்கோலாட்சியை அகற்றவோ அந்நியர் ஆட்சியை நீக்கவோ எழுந்த கிளர்ச்சிகளைப் பற்றியது. தேர்தல் நடைபெறும் நாடொன்றில், வாக்காளரின் வாழ்க்கை முறையையே மாற்றக் கோரும் இயக்கத்துக்கு அது எவ்வளவு பொருந்தும் என்ற ஐயத்தை விமர்சகர் எழுப்பினர். அவ்வையம் வலுவுடையது. ஆட்சியாளன் ஒருவனை வெளியேற்றுதல் வேறு. வீட்டுச் சூடேற்றியையும் மோட்டார் வாகனத்தையும் மாற்றுமாறு கோடிக்கணக்கானோரை இணங்கச் செய்தல் வேறு.

2019 ஏப்ரில் 15ஆம் நாள் தொடங்கிய போராட்டத்தின்போது ஒக்ஸ்போட் சேர்க்கஸ், மாபிள் ஆர்ச், வாட்டர்லூ பாலம், பாராளுமன்றச் சதுக்கம் ஆகிய இடங்கள் பல நாட்கள் போராட்டக்காரர் வசமிருந்தன. 1,000 பேருக்கு மேற்பட்டோர் கைதாயினர். கைதாவதற்குத் தாமே முன்வருதல் அவர்களது திட்டத்தின் ஒரு கூறாக இருந்தது. மே மாதம் முதலாம் நாள் பொதுமக்கள் சபை காலநிலை நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்யும் பிரேரணையை ஏற்றது. யூன் மாதத்தில், 2008ஆம் ஆண்டின் காலநிலை மாற்றச் சட்டம் திருத்தப்பட்டு, 2050ஆம் ஆண்டளவில் நிகர வெளியேற்றத்தைப் பூச்சியமாக்குதல் சட்டக் கடப்பாடாக்கப்பட்டது. முன்னைய இலக்கு 80 வீதக் குறைப்பாகவே இருந்தது. இம்மாற்றத்துக்கு அரசின் ஆலோசனைக் குழுவொன்று அந்த மே மாதத்தில் வெளியிட்ட அறிக்கையே நேரடியான அடிப்படை. எனினும் அவ்வறிக்கையை அரசாங்கம் அவ்வளவு விரைவாக ஏற்பதற்கான சூழலை வீதிகளில் அமர்ந்தோர் உருவாக்கினர் என்பதை அவர்களை விரும்பாதோரும் முற்றாக மறுப்பதில்லை.

அவ்வாண்டு ஒக்டோபர் 17ஆம் நாள் நிலைமை மாறிற்று. கிழக்கு இலண்டனின் கனிங் ரவுண் நிலையத்தில், காலைவேளையில் மக்கள் வேலைக்குச் செல்லும் நேரத்தில், போராட்டக்காரர் சிலர் புகையிரதப் பெட்டியின் மேல் ஏறி நின்றனர். மேடையிற் காத்திருந்த பயணிகள் சினங்கொண்டு அவர்களைக் கீழே இழுத்து வீழ்த்தித் தாக்கினர். தொழிலாளர் மிகுதியாக வாழும் பகுதி அது. நேரத்துக்குச் செல்லாவிடிற் சம்பளம் இழப்போர் பலர். மேலும், மின்சாரத்தில் இயங்கும் பொதுப் போக்குவரத்து, காலநிலைப் பாதுகாப்புக்கு வேண்டிய சாதனங்களுள் ஒன்றாகும். அதனை மறித்தமைக்கு இயக்கத்தினுள்ளேயே பலர் முன்கூட்டியே மறுப்புத் தெரிவித்திருந்தனர். ஆயினும் எவரையும் தடுக்கும் அதிகாரம் எவருக்கும் இல்லாத அமைப்பு முறையில் அம்மறுப்பு பயனற்றுப் போயிற்று. 1922இல் சௌரி சௌராவில் நிகழ்ந்த வன்செயலையடுத்து, சகபாடிகள் பலர் வருந்தியும், காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தை நிறுத்தினார். நிறுத்தும் ஆற்றல் ஓர் இயக்கத்துக்கு எத்துணை இன்றியமையாதது என்பதைக் கனிங் ரவுண் நிகழ்ச்சி எதிர்மறையாற் காட்டிற்று.

அடுத்து எழுந்த இரு குழுக்களும் இடையூற்றை மேலும் கூர்மையாக்கின. 2021 செப்டெம்பர் மாதத்தில் இன்சுலேற் பிரிற்றன் என்னும் குழு இலண்டனைச் சுற்றிச் செல்லும் எம் 25 நெடுஞ்சாலையை மறிக்கத் தொடங்கிற்று. வெப்பம் வெளியேறாதவாறு வீடுகளுக்குக் காப்பிடுதல் வேண்டும் என்பதே அதன் கோரிக்கை. வாகனச் சாரதிகள் அவர்களை வீதியிலிருந்து இழுத்து அகற்றும் காட்சிகள் தொலைக்காட்சியில் இடம்பெற்றன. நீதிமன்றத் தடையுத்தரவை மீறியமைக்காக அவ்வாண்டு நவம்பரில் ஒன்பது பேர் சிறை சென்றனர். அடுத்த ஆண்டு உக்ரேன் யுத்தத்தையடுத்து எரிசக்தி விலை ஏறியபோது, வீட்டுக் கட்டணங்களுக்கு அரசாங்கம் பெருந்தொகை மானியம் வழங்க நேர்ந்தது; 2022 நவம்பரில் 100 கோடிப் பவுண் செலவில் வீட்டுக் காப்பீட்டுத் திட்டமொன்றும் அறிவிக்கப்பட்டது. கோரிக்கை நகைப்புக்குரியதன்று என்பதை ஓராண்டுக்குள் சந்தை விலை காட்டிற்று. ஆனால் அக்கோரிக்கையை எழுப்பியோரை மக்கள் நினைவுகூர்ந்தது தமது வாகனத்தை மறித்தவர்களாகவே.

2022 பெப்ருவரியில் தோன்றிய ஜஸ்ற் ஸ்ரொப் ஒயில் குழு, புதிய எண்ணெய், எரிவாயு அகழ்வுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கலாகாது எனக் கோரிற்று. ஏப்ரில் மாதத்தில் எண்ணெய்க் களஞ்சியங்களை மறித்த அக்குழு, ஒக்டோபர் 14ஆம் நாள் தேசிய ஓவியக்கூடத்தில் வான் கோவின் சூரியகாந்தி ஓவியத்தின் மீது தக்காளிச் சூப்பை வீசியது. ஓவியம் கண்ணாடியாற் காக்கப்பட்டிருந்ததால் ஊறுபடவில்லை. அதன் பழைய சட்டகம் சேதமுற்றது. எண்ணெய்க் களஞ்சிய மறியலைச் சில நாட்களில் மறந்த உலகம், ஒரு குவளைச் சூப்பை மறக்கவில்லை. களஞ்சியத்தை மறிப்பதற்கும் எண்ணெய்க்கும் உள்ள தொடர்பை விளக்க வேண்டியதில்லை. ஓவியத்துக்கும் எண்ணெய்க்கும் உள்ள தொடர்பை எவ்வளவு விளக்கியும் பலருக்கு அது புலப்படவில்லை. பொருத்தமான இலக்கு கவனத்தைப் பெறுவதில்லை, கவனத்தைப் பெறும் இலக்கு பொருத்தமாய் அமைவதில்லை என்னும் இக்கட்டு இங்கு தெளிவாகத் தெரிகின்றது.

2022 நவம்பரில் நான்கு நாட்கள் எம் 25 நெடுஞ்சாலையின் மேலமைந்த அறிவித்தற் சட்டங்களில் 45 பேர் ஏறினர். இதனால் வாகனங்களுக்கு 50,000 மணித்தியாலங்களுக்கு மேற்பட்ட தாமதமும், பொருளாதாரத்துக்குக் குறைந்தது 765,000 பவுண் நட்டமும் ஏற்பட்டதாகப் பின்னர் வழக்குத் தொடுநர் கூறினர். பரீட்சைக்கும் மரணச் சடங்குக்கும் மருத்துவ சிகிச்சைக்கும் செல்ல முடியாமற்போனோரின் துன்பங்களும் மன்றில் எடுத்துரைக்கப்பட்டன. இத்துன்பங்களைச் சிறியவை என ஒதுக்குதல் நேர்மையாகாது. அவற்றை அனுபவித்தோர் தமது இசைவின்றியே பிறரின் போராட்டத்துக்குக் கருவியாக்கப்பட்டனர்.

நீதித்துறையின் நோக்கு இக்காலப் பகுதியில் மாறிய விதம் தனியே ஆராயத்தக்கது. 2006இல் பிரபுக்கள் சபை வழங்கிய தீர்ப்பொன்றில் ஹொவ்மன் பிரபு, மனச்சாட்சியின்பாற்பட்ட சட்டமறுப்பு பிரித்தானியாவில் நீண்டதும் மதிப்புக்குரியதுமான வரலாறுடையது என்னும் கருத்தைத் தெரிவித்தார். போராடுவோர் அளவறிந்து நடத்தல், தண்டனையை ஏற்றல், பொலிசாரும் நீதவான்களும் கட்டுப்பாட்டுடன் நடத்தல் ஆகியவற்றை எழுதாத உடன்பாடுகள் போல அவர் விளக்கினார். 2008இல் கிங்ஸ்நோத் அனல்மின் நிலையப் புகைபோக்கியில் ஏறிய கிறீன்பீஸ் இயக்கத்தினர் அறுவரை யூரிமார் விடுவித்தனர். 2021 ஏப்ரிலில் ஷெல் நிறுவனத் தலைமையகத்தைச் சேதப்படுத்திய வழக்கில், பெரும்பாலானோருக்குச் சட்டப்படி எதிர்வாதமில்லை என நீதிபதி கூறியும் யூரிமார் விடுதலையளித்தனர். 2019 ஒக்டோபர் 17ஆம் நாள் ஷட்வெல் நிலையத்தில் புகையிரதத்தை மறித்த மூவரும் 2022 ஜனவரியில் விடுவிக்கப்பட்டனர். வீதியிற் சினங்கொண்ட பொதுமக்களும், மன்றில் அமைதியாக இருந்து முழுக்கதையையும் கேட்ட பொதுமக்களும் வெவ்வேறு முடிவுக்கு வந்தமை சிந்திக்கற்பாலது.

அதன் பின்னர் அவ்வுடன்பாடு இரு பக்கத்திலும் தளர்ந்தது. 2022ஆம் ஆண்டின் பொலிஸ், குற்றம், தண்டனை, நீதிமன்றங்கள் சட்டம், பொதுத் தொல்லை என்னும் பழைய வழக்காற்றுக் குற்றத்தை நியதிச் சட்டமாக்கி, பத்தாண்டு வரை சிறை விதிக்க வழிசெய்தது. 2023 மே மாதத்தில் நடைமுறைக்கு வரத் தொடங்கிய பொது ஒழுங்குச் சட்டம், தன்னை ஒரு பொருளுடன் பிணைத்துக்கொள்வதையும் தேசிய உட்கட்டமைப்பில் தலையிடுவதையும் தனிக் குற்றங்களாக்கியது. காலநிலை பற்றி யூரிமாருக்கு எடுத்துரைக்கலாகாது என்ற கட்டளையை மீறியமைக்காகவே 2023இல் எதிரிகள் சிலர் சிறை சென்றனர். 2024 மார்ச்சில் மேன்முறையீட்டு நீதிமன்றம், உடைமைச் சேத வழக்குகளிற் காலநிலை பற்றிய நம்பிக்கைகளை எதிர்வாதமாகக் கொள்ளும் வழியைப் பெரிதும் அடைத்தது. அவ்வாண்டு யூலையில், எம் 25 போராட்டத்தைத் திட்டமிட்டமைக்காக எக்ஸ்ரிங்ஷன் றிபெலியன் தாபகருள் ஒருவரான றொஜர் ஹலமுக்கு ஐந்தாண்டும் வேறு நால்வருக்கு நான்காண்டும் சிறை விதிக்கப்பட்டன. செப்டெம்பரில், சூப் வீசிய இளம் பெண்கள் இருவருள் ஒருவருக்கு இரண்டாண்டும் மற்றவருக்கு 20 மாதமும் கிடைத்தன. அதே ஓவியக்கூடத்தில் 1914இல் ஓவியத்தையே கிழித்தவர் பெற்றது ஆறு மாதம். 2025 மார்ச்சில் மேன்முறையீட்டு நீதிமன்றம் 16 பேரின் மேன்முறையீடுகளுள் ஆறு பேருடைய தண்டனையைக் குறைத்தது. ஹலமின் தண்டனை நான்காண்டாயிற்று. சூப் வீசியோரின் தண்டனை குறையவில்லை.

கடுந்தண்டனையை ஆதரித்தோரின் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. முன்னைய போராட்டக்காரர் தண்டனையை ஏற்றுக்கொண்டு மீண்டும் சமூகத்தோடு இணைந்தனர். இவர்களோ பிணையிலிருக்கும்போதே மீண்டும் குற்றமிழைத்தனர், நீதிமன்றத் தடையுத்தரவுகளைத் திட்டமிட்டு மீறினர், ஆகவே எழுதாத உடன்பாட்டை முதலில் முறித்தவர்கள் இவர்களே என்பது அவ்வாதத்தின் சாரம். எனினும் மனச்சாட்சி பற்றிப் பேசுவதையே மன்றில் தடைசெய்யும் முறை, சட்டமறுப்பைச் சாதாரணக் குற்றத்தினின்றும் வேறுபடுத்தும் கூற்றை அகற்றிவிடுகின்றது. காரணத்தைக் கேளாது செயலை மட்டும் நோக்கும் நீதிமன்றத்தில் தண்டனையை ஏற்பதற்கு அரசியற் பொருள் எதுவும் எஞ்சுவதில்லை.

இனிப் பயன் பற்றிய வினாவுக்கு வருவோர், மக்கள் வெறுப்பைத் தோல்விக்குச் சான்றாகக் காட்டுதல் வழக்கம். வரலாறு அதற்கு இடந்தரவில்லை. 1961இல் அமெரிக்காவில் நிறவேறுபாட்டை எதிர்த்துப் பேருந்துகளிற் பயணஞ் செய்தோரின் செயலை 61 வீதத்தினர் ஏற்கவில்லை எனக் கலப் நிறுவனத்தின் கருத்துக் கணிப்புக் காட்டியது. 1966இல் மாட்டின் லூதர் கிங் பற்றி 63 வீதத்தினர் பாதகமான கருத்தே கொண்டிருந்தனர். ஹேபேட் ஹெயின்ஸ் 1984இல் வெளியிட்ட ஆய்வு, தீவிரவாதக் குழுக்கள் எழுந்த காலத்தில் மிதவாதக் குடியியல் உரிமைச் சங்கங்களுக்கு நிதியுதவி பெருகியதைக் காட்டிற்று. இதனையே ஆய்வாளர் தீவிரப் பக்க விளைவு என்பர். 2022 நவம்பர் எம் 25 மறியலுக்கு முன்னும் பின்னும் பிரித்தானியரிடம் நடத்தப்பெற்று 2024இல் வெளியான ஆய்வொன்று, புவியின் நண்பர்கள் என்னும் மிதவாதச் சங்கத்துக்கு ஆதரவு கூடியதைக் கண்டது. போசெற் அம்மையாரின் சங்கம் 1914அளவில் 50,000 உறுப்பினரைக் கடந்திருந்தமையும் இங்கு நினைவுகூரத்தக்கது.

எனினும் இவ்விளைவு எல்லையற்றதன்று. 1960களின் அமெரிக்கப் போராட்டங்களை ஆராய்ந்த ஒமார் வாசோ 2020இல் வெளியிட்ட கட்டுரையில், அமைதிப் போராட்டங்கள் வெள்ளையரின் கவனத்தைக் குடியியல் உரிமையின்பால் திருப்பியதையும், வன்முறையாக மாறிய போராட்டங்கள் 1968 தேர்தலில் நிக்சனுக்குத் துணைபோயிருக்கக் கூடியதையும் எடுத்துக்காட்டினார். ஆகவே மக்கள் வெறுப்பு தோல்விக்குச் சான்றாகாதது போலவே, கவனம் வெற்றிக்குச் சான்றாகாது.

நியாயம் பற்றிய வினா இதனினும் கடினமானது. ஜோன் றோல்ஸ் 1971இல் வெளியிட்ட நீதிக் கோட்பாட்டு நூலிற் சட்டமறுப்பை, பகிரங்கமானதும் வன்முறையற்றதும் மனச்சாட்சி வழிப்பட்டதுமான அரசியற் செயலாக வரையறுத்தார். பெரும்பான்மையினரின் நீதியுணர்வை நோக்கி விடுக்கப்படும் வேண்டுகோளாக அவர் அதனைக் கண்டார். காலநிலைப் போராட்டக்காரர் இதற்கு மேலும் ஒன்றைச் சேர்த்தனர். வெப்ப உயர்வால் மிகுதியும் பாதிக்கப்படவுள்ளோர் இன்னும் பிறவாதோரும் பிற நாடுகளில் வாழ்வோருமே. அவர்களுக்குப் பிரித்தானியத் தேர்தலில் வாக்கில்லை. வாக்குரிமையற்ற பெண்கள் தெருவில் இறங்கியமை நியாயமாயின், வாக்களிக்கவே முடியாதோரின் சார்பாக இறங்குவதும் நியாயமாகும் என்பது அவர்களது வாதம். வலிமையான வாதமே. ஆயின் பெண்கள் தமக்காகப் பேசினர். பிறவாதோர் சார்பாகப் பேசுவோருக்கு அவ்வுரிமையை வழங்கியவர் எவர் என்ற வினாவை அது எதிர்நோக்க வேண்டியுள்ளது.

இதனைச் சோதிக்கும் எளிய வழி, அதே முறையை எதிர்த்தரப்பினர் கையாளும்போது என்ன கூறுவது என வினவுதலாகும். 2000 செப்டெம்பரில் பிரித்தானியப் பாரவூர்தி உரிமையாளரும் விவசாயிகளும் எரிபொருள் வரியை எதிர்த்து எண்ணெய்க் களஞ்சியங்களை மறித்தனர். ஒரு வாரத்துக்குள் நாடு நிலைகுலைந்தது. அரசாங்கம் வரியில் விட்டுக்கொடுத்தது. 2018 டிசெம்பரில் பிரான்சிய அரசாங்கம் மஞ்சள் மேலங்கியினர் எதிர்த்த வரி உயர்வைக் கைவிட்டது. இடையூற்றின் ஆற்றலை மட்டும் நோக்கின், எண்ணெய்க்கு எதிராக மறித்தோரிலும் எண்ணெய் வரிக்கு எதிராக மறித்தோரே விரைவில் வென்றனர். 'நெருக்கடி நிலையில் மறியல் தகும்' என்னும் விதியை ஏற்பவர், மாதச் சம்பளத்தில் எரிபொருளுக்கு வழிகாணாத கிராமத்துத் தொழிலாளியும் தனது நெருக்கடியை மெய்யென்றே கருதுகின்றார் என்பதை மறத்தலாகாது. ஒரு முறையின் நியாயத்தை நோக்கத்தின் நன்மையால் மட்டும் நிறுவ முடியாது. இழப்பு யார்மீது விழுகின்றது, செயலுக்கும் கோரிக்கைக்கும் உள்ள தொடர்பு காண்போருக்குப் புலனாகின்றதா, செய்தோர் அதன் விலையைத் தாமே ஏற்கின்றனரா, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்த வல்லவரா என்பனவும் அளவுகோல்களாதல் வேண்டும். இவ்வளவுகோல்களின்படி நோக்கின், களஞ்சிய மறியலும் கனிங் ரவுண் மறியலும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டபோதும் ஒரே தரத்தன அல்ல.

2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எக்ஸ்ரிங்ஷன் றிபெலியன், பொதுமக்களுக்கு இடையூறு விளைவிப்பதை முதன்மை முறையாகக் கொள்வதினின்றும் தற்காலிகமாக விலகுவதாக அறிவித்தது. 2024 யூலையில் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி, புதிய எண்ணெய் வயல்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குவதில்லை என்னும் உறுதிமொழியுடன் தேர்தலில் நின்றிருந்தது. 2025 மார்ச்சில் ஜஸ்ற் ஸ்ரொப் ஒயில் தனது கோரிக்கை அரசின் கொள்கையாகிவிட்டது எனக் கூறி, ஏப்ரில் மாதத்துடன் நேரடிப் போராட்டத்தை நிறுத்துவதாக அறிவித்தது. இதனிடையே 2024 யூனில் உயர் நீதிமன்றம் பிஞ்ச் வழக்கில் வழங்கிய தீர்ப்பு, அகழப்படும் எண்ணெய் எரிக்கப்படும்போது எழும் வாயுக்களையும் அனுமதி வழங்குமுன் கணக்கிற்கொள்ள வேண்டும் என விதித்தது. வீதி எதனையும் மறியாது, ஆண்டுக்கணக்கில் வழக்காடிப் பெற்ற தீர்ப்பு அது. இம்மாற்றங்களில் மறியலின் பங்கு எவ்வளவு, வழக்கின் பங்கு எவ்வளவு, தேர்தலின் பங்கு எவ்வளவு எனப் பிரித்தறிவது, 1918ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பொறுத்தவரை எவ்வளவு அரிதோ அவ்வளவு அரிது.

2018 நவம்பர் 17இல் வீதிக்கு வந்த இரு கூட்டத்தினருக்கும் இரு அரசுகளும் இறுதியில் ஒரே வகையான விடையை வழங்கின. பிரித்தானியாவிற் பொதுமக்கள் சபைக் குழுக்கள், திருவுளச்சீட்டு முறையில் தெரிவான 108 பேரைக் கொண்ட காலநிலைப் பேரவையை 2020இற் கூட்டின. பிரான்சில் அதே முறையில் தெரிவான 150 பேர் 2019 ஒக்டோபர் தொடக்கம் கூடி ஆராய்ந்தனர். வீதியில் மறித்தவரும் மறிக்கப்பட்டவரும் ஒத்த சாதாரண மக்கள், தகவல்களைப் பொறுமையுடன் கேட்டபின், அரசியல்வாதிகள் துணியாத விதந்துரைகளுக்கு உடன்பட்டனர். அடிக்கடி விமானத்திற் பயணஞ் செய்வோருக்குக் கூடிய வரி விதித்தல் பிரித்தானியப் பேரவையின் விதந்துரைகளுள் ஒன்று. அதனை அரசாங்கம் ஏற்கவில்லை. பிரான்சில் விதந்துரைகள் பல மெலிவிக்கப்பட்டே 2021ஆம் ஆண்டுச் சட்டமாயின. பேரவையின் உறுப்பினரே அரசின் செயலுக்கு மிகக் குறைந்த புள்ளிகளை வழங்கினர். போராட்ட முறைகளைப் பற்றிய விவாதத்தில் இரு நாட்டு அரசுகளும் காட்டிய அக்கறையை, இப்பேரவைகளின் முடிவுகளில் அவை காட்டவில்லை. இடையூறின்றிப் பேசுங்கள் எனக் குடிமக்களை வேண்டும் அரசு, இடையூறின்றிப் பேசியோருக்கு என்ன செய்தது என்பதும் இவ்விவாதத்தில் கேட்கப்பட வேண்டிய வினாவாகும்.